பேட்ஜ் யாருக்கு பாஸ்?

உங்க ஸ்கூல்ல எஸ்.பி.எல். எலெக்‌ஷன் நடந்திருக்கா? பாதிப் பேருக்கு நடந்திருக்காது. மிஸ் கண்ணுக்கு யார் பட்டாங்களோ, அவங்க சட்டையில் பேட்ஜ் ஏறியிருக்கும். எங்க ஸ்கூல் அந்த விஷயத்துல கொஞ்சம் அட்வான்ஸ்டு. ஆரணியில் நான் ஒன்பதாவது படிச்சப்போ நிஜமாவே ஓட்டுச்சீட்டு, அட்டைப்பெட்டி, விரல்ல ஸ்டாம்ப் பேடு மை எல்லாம் உண்டு. ஆறாவதுல இருந்து ஒன்பதாவது வரைக்கும் எல்லாரும் ஓட்டுப் போடலாம்.

போட்டியில் ரெண்டே பேர். ஒருத்தன் நான். ஃபர்ஸ்ட் ரேங்க், அசெம்ப்ளியில் திருக்குறள் சொல்ற கேஸ். இன்னொருத்தன் எங்க தெருக்காரன். வாரத்துல ரெண்டு நாளாவது லேட்டா வருவான். காரணம் தெருவுக்கே தெரியும். விடியற்காலையில் தெருவுல பாவை நீளமா இழுத்துக் கட்டி, வெயில் ஏறுறதுக்குள்ள அறுந்த இழையை எல்லாம் முடிச்சுப் போட்டாகணும். வீட்டுல ஆள் குறைஞ்சா அவன்தான் நிக்கணும். அது முடிஞ்சு ஓடி வர்றதுக்குள்ள பிரேயர் முடிஞ்சிருக்கும்.

ஓட்டு எண்ணினது டீச்சர்ஸ் ரூமில். பெட்டியைத் தூக்கிட்டுப் போனது நான்! (வேட்பாளரே பெட்டி தூக்குற எலெக்‌ஷன் வேற எங்கயாவது பார்த்திருக்கீங்களா?) கதவோரமா நின்னு நோட்டை எட்டிப் பார்த்தேன். அவனுக்கு 163. எனக்கு 118. "லேட்டா வர்ற பையனை வெச்சுக்கிட்டு எப்படி அசெம்ப்ளி நடத்துறது?"ன்னார் ஒரு சார். "அப்ப இவனையே போட்டுடுங்க"ன்னார் இன்னொருத்தர். அவ்வளவுதான் மேட்டர்.

மறுநாள் மைக்கில் என் பேர். எல்லாரும் கை தட்டினாங்க. அவனும் தட்டினான். நான் வாயைத் திறக்கலை. லேட்டா வர்றவங்க பேரை எழுதுறது எஸ்.பி.எல். வேலை. அந்த வருஷம் பூரா அவன் பேரை நான்தான் எழுதினேன்.

இது எங்க ஊரு சமாச்சாரம் மட்டும் இல்லை. 'ப்ளீஸ் வோட் ஃபார் மீ'ன்னு 2007-ல் ஒரு டாக்குமென்டரி வந்தது. சீனாவில் வூஹான் நகரம், மூணாவது வகுப்பு, கிளாஸ் மானிட்டர் தேர்தல். மூணு குட்டிப் பசங்க நிக்கிறாங்க. ஆனா நிஜத்துல போட்டி அப்பா அம்மாக்களுக்குத்தான். பேச்சு எழுதித் தர்றதென்ன, எதிராளியை எப்படி மடக்கணும்னு வீட்டுல டிரெயினிங் என்ன! ஒரு வீட்டில் கிளாஸ் மொத்தத்தையும் நகர ரயில்ல ரவுண்டு கூட்டிட்டுப் போக ஏற்பாடு பண்ணாங்க. ஜெயிச்சது யார்னு சொல்லணுமா?

2015 அக்டோபர்ல சான் ஃபிரான்சிஸ்கோவில் இன்னொரு கூத்து. எவரெட் மிடில் ஸ்கூல்ல தேர்தல் முடிஞ்சுது, ரிசல்ட்டை சொல்லலை. ஸ்கூல்ல எத்தனையோ இனப் பசங்க படிக்கிறாங்க, ஜெயிச்சவங்கள்ல அது தெரியலைன்னு தலைமை ஆசிரியைக்குக் கவலை. பெற்றோர் சத்தம் போட்ட பிறகுதான் ரிசல்ட் வந்தது. இங்கே எண்ணம் நல்லதுதான், நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா இத்தனை சீட் இன்னாருக்குன்னு ஓட்டுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே? எங்க ஸ்கூலும் 'லேட்டா வர்றவங்க நிக்கக் கூடாது'ன்னு முதல்லயே சொல்லியிருந்தா, அது மட்டமான ரூல்தான், ஆனா ரூல். எண்ணி முடிச்சப்புறம் கண்டுபிடிச்சா அதுக்கு வேற பேரு.

பக்கத்து மாவட்டத்து உத்திரமேரூர்ல, முதலாம் பராந்தகன் காலத்துல, 919-லயும் 921-லயும் ரூல்ஸை முன்கூட்டியே கல்லுல வெட்டி வெச்சுட்டாங்க. யார் நிக்கலாம், கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் சொந்தக்காரங்களுக்கும் ஏன் இடமில்லை, எல்லாமே. குடத்துல இருந்து ஓலையை எடுக்கிறது விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன். அதை வாங்குறவர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில் வாங்கணும், ஓலையை மாத்திடக் கூடாதில்ல! ரொம்பவும் பெருமைப்பட வேண்டாம். அது ஓட்டு இல்லை, குலுக்கல். 35 வயசு ஆகணும், சொந்த நிலம் வேணும். நெய்யுறவன் வீட்டுப் பையனுக்கு அங்கே வேலை இல்லை. ஆனா பெரியவங்க கையை அவங்க நம்பலை பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு.

நம்ம காலேஜ் கதைக்கு வருவோம். லிங்டோ கமிட்டி சிபாரிசுகளை அமல்படுத்தச் சொல்லி 2006 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. செலவு 5,000 ரூபாய்க்குள்ள, அச்சடிச்ச போஸ்டர் கிடையாது, மனு தாக்கல்ல இருந்து ரிசல்ட் வரைக்கும் 10 நாள்தான். கேட்க நல்லாத்தான் இருக்கு. எங்க டிபார்ட்மென்ட்ல ஹெச்.ஓ.டி. சொன்ன பேர்தான் அசோசியேஷன் செக்ரட்டரி. உங்க காலேஜ்ல எப்படி?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, டீக்கடையில் அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டுவான்னு நினைச்சேன்.

"எனக்கு எவ்வளவுடா?"ன்னான்.

"163."

கொஞ்ச நேரம் விரல்விட்டு என்னமோ கணக்குப் போட்டான். "அப்ப சிக்ஸ்த் பசங்க மொத்தமா எனக்குத்தான் போட்டிருக்கானுங்கடா"ன்னு சிரிச்சான். டீக்கு அவனே காசு குடுத்தான்.