டீச்சர் தந்துவிட்டுப் போன பார்வை

எங்கள் திருவல்லிக்கேணித் தெருவில் 'டீச்சர்' என்றால் அது ஒருவரைத்தான் குறிக்கும். பெண்கள் பள்ளியில் 33 வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சென்ற மாதம் 86-வது வயதில் காலமானார்.

அவர் வீட்டில் அரிசி டின்னைத் தவிர எங்கு பார்த்தாலும் புத்தகம்தான். சம்பளம் வாங்கியதும் நேரே மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய்விடுவாராம். 1985-ல் அது தீயில் அழிந்ததைப் பற்றிப் பேச்சு வந்தால், "கடையா எரிஞ்சது? என் பிறந்த வீடுன்னா எரிஞ்சுது!" என்பார்.

கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் சிவப்புப் பென்சிலைத் தேடுவார். "ரிடையர் ஆனது நான்தானே, இலக்கணம் இல்லையே!"

ஒருநாள் என் பெண், "'நைஃப்' எழுத முன்னாலே எதுக்கு டீச்சர் ஒரு 'கே'? வாயே திறக்கலையே" என்று அலுத்துக்கொண்டாள். "அது வீட்டிலே அம்மா மாதிரிடி. சத்தமே போடாது. ஆனா எடுத்துட்டா எல்லாம் தப்பாயிடும்" என்றார் டீச்சர்.

எழுபதைத் தாண்டியதும் கண்ணில் புரை வந்து எழுத்து மங்கியது. இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகி மறுபடி படிக்க முடிந்தபோதுதான் கண் தானம் பற்றி விசாரித்தார். 1819-ல் தொடங்கிய எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில்தான் 1945-ல் நாட்டின் முதல் கண் வங்கி ஏற்பட்டது என்பதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். "என் மூக்குக் கண்ணாடியை யாருக்கும் கொடுக்காதீங்கோ, பவர் ஒத்துக்காது. கண்ணைக் கொடுங்கோ!" என்பது அவர் வாய்ப்பாடு.

அவர் போன அன்று, "புரை எடுத்த கண் யாருக்கு உதவும்? முகம் விகாரமாகிவிடாதா?" என்று உறவினர்கள் தயங்கினார்கள். பல வீடுகளில் இந்தத் தயக்கத்திலேயே நேரம் போய்விடுகிறது. டீச்சரின் மருமகள் மட்டும் உறுதியாக நின்று போன் செய்தாள்.

சகோதரிகளே, இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தானமாகப் பொருத்தப்படுவது கருவிழியின் மேல் இருக்கும் தெளிவான படலம். புரை ஆபரேஷனில் மாற்றுவது உள்ளே இருக்கும் லென்ஸை. ஆகவே புரை எடுத்தவர்களும், கண்ணாடி போட்டவர்களும், சர்க்கரை வியாதிக்காரர்களும் பொதுவாகத் தரலாம். வெறிநாய்க்கடி, எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி, ரத்தப் புற்று போன்றவற்றால் இறந்தவர்களின் கண்ணை ஏற்பதில்லை. சந்தேகம் இருந்தால் கண் வங்கி டாக்டரே பார்த்து முடிவு செய்வார்.

உயிர் பிரிந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்கவேண்டும். உடனே கண் வங்கிக்குச் சொல்லுங்கள். இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்துங்கள். தலைக்குத் தலையணை வையுங்கள். வீட்டுக்கே வந்து அரை மணிக்குள் முடித்துவிடுவார்கள். முகம் மாறாது. உறுதிமொழி எழுதித் தராதவர்கள் கண்ணையும் குடும்பத்தார் சம்மதித்தால் தரலாம்.

சம்மதம் தரவேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள். அதனால், இதை அழுகைக்கு நடுவில் பேச விடாமல், எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்காரும் ஒரு நாளில் பேசி வைத்துவிடுங்கள்.

டீச்சரின் கண்கள் யாருக்குப் போயின என்பதைச் சொல்லமாட்டார்கள், அதுதான் விதி. யாராயிருந்தாலும் சரி, நிறையப் படிக்கட்டும்.