93 நாற்காலிகள்

பழைய ஐரிஷ் கிராமத்து வீட்டை 'எளிமையின் அழகு' என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சுண்ணாம்பு அடித்த சுவர், வைக்கோல் கூரை, சிவப்புப் பாதிக்கதவு. ஜான் ஹைண்டின் வண்ண அஞ்சலட்டையில் பார்த்தாச்சு, 'தி குவைட் மேன்' படத்திலும் பார்த்தாச்சு. சரி, உள்ளே போய் உட்காருங்கள் பார்ப்போம்.

எதில் உட்காருவது? 1837இல் டொனிகல் மாவட்டத்தின் குவீடோர் பகுதிப் பள்ளி ஆசிரியர் பாட்ரிக் மக்கை அரசாங்கத்துக்கு ஒரு மனு அனுப்பினார். தன் வட்டாரத்து மக்களிடம் இருந்த சாமான்களை அதில் எண்ணி எழுதினார். சுமார் 4000 பேர். நாற்காலி 93. முக்காலி 243. இறகு மெத்தை 2, பதர் அடைத்த மெத்தை 8. சுவர்க்கடிகாரம் ஒன்றுகூட இல்லை. வீட்டுச் சாமான்களைப் பற்றி நான் படித்ததிலேயே நேர்மையான எழுத்து அந்தப் பட்டியல்தான்.

நான் பொறியாளன். ஒரு பொருளைப் பார்த்தால் எந்த நெருக்கடியில் பிறந்தது என்றுதான் கேட்கத் தோணும். முக்காலி ஏன் அவ்வளவு குட்டை? புகைபோக்கி இல்லாத வீட்டில் புகை மேலே தேங்கும். தாழ உட்கார்ந்தால்தான் மூச்சு விடலாம். கொஞ்சம் வசதியான வீட்டில் இருந்த 'செட்டில்' பெஞ்சு ஏன் ராத்திரி பெட்டி மாதிரி விரிந்து படுக்கையானது? இடம் இல்லை. நாற்காலியில் ஏன் வைக்கோல் கயிற்றுப் பின்னல்? மரம் கிடைப்பது அரிது. காடுகள் எப்போதோ தீர்ந்துபோயின. சதுப்பில் புதைந்து கிடந்த பழைய மரத்தைத் தோண்டி எடுத்துக் கூரைக்குப் போட்டார்கள். கெட்டிக்காரர்கள்தான், மறுக்கவில்லை. அதற்காகப் பற்றாக்குறைக்குப் 'பாணி' என்று பெயர் வைப்பதா?

வீட்டைப் பெரிதாக்கியிருக்கலாமே என்பீர்கள். நிலம் பண்ணையாருடையது. செலவு செய்து திருத்தினால் குத்தகை ஏறும் என்ற பயம். வெளியே துரத்தினால், 1870 நிலச்சட்டம் வரும்வரை பெரும்பாலோருக்கு நஷ்டஈடு கிடையாது.

1841 கணக்கெடுப்பு வீடுகளை நான்கு வகுப்பாகப் பிரித்தது. கடைசி வகுப்பான ஒற்றையறை மண்குடிசைகள் சுமார் 491,000. 1851இல் சுமார் 135,000தான். முன்னேற்றமா? நடுவில் வந்தது உருளைக்கிழங்குப் பஞ்சம். ஏறக்குறைய 1 மில்லியன் பேர் செத்தார்கள். அதே அளவு பேர் கப்பலேறினார்கள். அஞ்சலட்டையில் நிற்பது தப்பித்தவர்களின் வீடு. அந்த மண்குடிசைகளைப் பண்ணையாரின் ஆட்கள் இடித்தது போக, மிச்சத்தை மழை கரைத்துவிட்டது.