மலை எழுதிய குமாஸ்தா

சின்னசேலத்தில் நின்று வடக்கே திரும்பினால் கல்வராயன் மலை. அதைச் சித்திரமாக எழுதிப் பார்க்க நம்மவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்டால், படித்த நண்பர்கள் பதில் தயாராக வைத்திருக்கிறார்கள். "அதெல்லாம் சீனாவில் தாவோ சன்யாசிகள் செய்த காரியம் ஸார். குடும்பம், உத்தியோகம் என்று இருக்கிறவனுக்கு மலையைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பொழுது ஏது?"

சரி, அவர்கள் உதாரணம் காட்டுகிற ஹுவாங் கோங்வாங்கையே எடுத்துக்கொள்வோம். 1269-ல் பிறந்தவர். மங்கோலியர் ஆட்சியில் சர்க்கார் குமாஸ்தா. வரி விவகாரத்தில் மேலதிகாரி மாட்டிக்கொண்டபோது, 1315-ல் இவரும் கூடவே சிறைக்குப் போனார். வெளியே வந்த பிறகுதான் தாவோ மார்க்கமெல்லாம். அப்போதும் ஜோஸ்யம் சொல்லித்தான் வயிறு வளர்த்தார். சித்திரத்தில் முழுமூச்சாக இறங்கியது ஐம்பதை ஒட்டிய வயதில்.

மலையில் திரியும்போது பையில் தூரிகை இருக்க வேண்டும், விசித்திரமான மரத்தைக் கண்டால் அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும் என்று அவர் யோசனை சொல்லியிருக்கிறார். இதில் யோகம் எங்கே இருக்கிறது? நம் கிராமக் கணக்குப்பிள்ளை வயலைப் பார்த்து அடங்கலில் குறித்துக்கொண்ட அதே பழக்கம்தான்!

எண்பதை நெருங்கும்போது ஃபுச்சுன் ஆற்றங்கரை மலைகளை நீளச் சுருளில் எழுதத் தொடங்கினார். ஒரே மூச்சில் உருவம் போட்டாகிவிட்டது. நிரப்பி முடிக்க மூன்று நான்கு வருஷம் போதவில்லை. சுருளை மலையிலே விட்டுவிட்டு ஊர் சுற்றப் போய்விடுவார். யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று வூயோங் என்ற தாவோ நண்பருக்குக் கவலை. படம் முடியுமுன்பே, 1350-ல், அது தமக்குத்தான் என்று எழுதி வாங்கிக்கொண்டார். சன்யாசிக்கும் சொத்துக் கவலை!

ரசிகர்கள் லட்சணம் வேறு. அதை வைத்திருந்த ஒருவர் 1650-ல் சாகும் தறுவாயில், கூடவே கொண்டுபோக எண்ணி, நெருப்பில் போடச் சொன்னார். உறவினர் இழுத்துக் காப்பாற்றியும் படம் இரண்டு துண்டாயிற்று. சியன்லோங் சக்கரவர்த்தியோ ஒரு நகலை அசல் என்று நம்பி அதில் ஐம்பதுக்கு மேல் குறிப்பெழுதித் தள்ளினார். 1746-ல் அசலே வந்தபோது, "இது போலி" என்றுவிட்டார். அதனால்தான் அசல் அவர் கிறுக்கலிலிருந்து தப்பியது. ஹாங்சோவிலும் தைப்பேயிலும் பிரிந்து கிடக்கும் அந்த இரு துண்டுகளும் 2011-ல்தான் தைப்பேயில் ஒன்றாகக் காட்சிக்கு வந்தன.

சங்கப் புலவர்கள் குறிஞ்சியைப் பாடிவிட்டார்களே என்று சொல்லியும் தப்பிக்க வேண்டாம். அவர்கள் பார்த்தது அவர்கள் மலை. சின்னசேலத்தில் இந்த வருஷம் பென்ஷன் வாங்கத் தொடங்குகிறவருக்கு, ஹுவாங் அந்தச் சுருளைத் தொட்ட வயது வர இன்னும் பதினெட்டு வருஷம் இருக்கிறது.