கணக்கைக் காட்டு, காசு தர்றோம்!

மாசம் பொறந்தா வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ். "மெயின்டனன்ஸ் 2,500. அஞ்சாம் தேதிக்குள்ள கட்டவும்." அவ்வளவுதான். எதுக்கு 2,500? போன மாசம் 2,200 தானே? தண்ணி லாரிக்கு எவ்வளவு போச்சு, லிஃப்ட்டுக்கு எவ்வளவு போச்சு? பதில் கிடையாது. ரெண்டாவது தடவை கேட்டா, "எல்லாரும் கட்டிட்டாங்க சார், நீங்க மட்டும்தான் பாக்கி"ன்னு நம்மளையே குற்றவாளி ஆக்குவாங்க.

பழனி ரோடு, தாடிக்கொம்பு ரோடு, ஆர்.எம். காலனின்னு திண்டுக்கல்ல இன்னைக்கு அடுக்குமாடி இல்லாத பக்கம் கம்மி. இருபது வருஷ லோன் போட்டு அங்க வீடு வாங்கின உங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல் விஷயம், நீங்க வாடகைக்காரர் இல்ல. பத்திரத்தை எடுத்துப் பாருங்க. 'பிரிபடாத பாகம்'னு இத்தனை சதுர அடி நிலம் உங்க பேர்ல பதிவாகியிருக்கும். யு.டி.எஸ்.னு சொல்றோமே, அதேதான். மாடிப்படி, மொட்டைமாடி, போர்வெல் எல்லாத்துலயும் உங்களுக்குப் பங்கு இருக்கு. பில்டர் கட்டி, வித்து, சாவியைக் குடுத்துட்டு நகர வேண்டியவர். ஆனா நடக்கிறது என்ன? வீடு வித்து மூணு வருஷம் ஆனாலும் மெயின்டனன்ஸ் வசூல் அவர் ஆள் கையில. டெபாசிட்டா வாங்கின கார்பஸ் பணம் எந்த பேங்க்ல இருக்குன்னு தெரியாது. மொட்டைமாடியில செல்போன் டவர் நின்னா வாடகை அவருக்கு, அதுக்குக் கீழ தண்ணி ஒழுகினா செலவு நமக்கு!

லண்டன்ல ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் ஃப்ளாட் வாங்கின நம்ம தமிழர்களைக் கேட்டுப் பாருங்க. அங்க பெரும்பாலும் நிலம் சொந்தம் இல்ல. 99 வருஷம், 125 வருஷம்னு குத்தகைதான். நிலத்துக்காரர் வேற ஒருத்தர். அவங்களுக்கும் இதே தலைவலி உண்டு, சர்வீஸ் சார்ஜ்னு தாளிச்சு எடுப்பாங்க. ஆனா 1985-ல வந்த சட்டம் ஒண்ணு அங்க இருக்கு. நியாயமா ஆன செலவை மட்டும்தான் வசூலிக்கலாம். பெரிய ரிப்பேர் வேலைக்கு ஒரு வீட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல போகுதுன்னா, முன்கூட்டியே குடியிருக்கிறவங்களைக் கலந்து பேசணும். ரசீதைப் பார்க்க உரிமை உண்டு. கட்டணம் அநியாயம்னா தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நிலமே சொந்தமில்லாதவன் அங்க பில்லைக் காட்டுன்னு கேட்கிறான். நிலத்துல பங்கு வச்சிருக்கிற நாம இங்க ஜிபே பண்ணிட்டு வாயை மூடிக்கிறோம்.

நம்ம கையிலயும் சட்டம் இருக்கு. 2016-ல வந்த ரெரா சட்டம், பிரிவு 11, உட்பிரிவு 4. குடியிருப்போர் சங்கம் பொறுப்பேற்கும் வரைக்கும் அத்தியாவசிய சேவைகளை பில்டர் 'நியாயமான கட்டணத்துல' பராமரிக்கணும்னு அதுல இருக்கு. நியாயமான கட்டணம்ங்கிறது அவர் வாயில வர்ற தொகை இல்ல, கணக்கு காட்டி நிரூபிக்க வேண்டிய தொகை. சங்கம் அமைய வழி செஞ்சு குடுக்கிறதும் அவர் கடமைதான். 14-ஆம் பிரிவுல இன்னொண்ணு இருக்கு. சாவி வாங்கின 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறை, வேலைத்தரக் குறை தெரிஞ்சு நீங்க சொன்னா, 30 நாள்ல காசு வாங்காம சரி செஞ்சு தரணும். ரெண்டு வருஷக் கட்டடத்துல சுவர் ஓதம் அடிக்குதுன்னு உங்ககிட்ட 'ஸ்பெஷல் மெயின்டனன்ஸ்' கேட்டா, இந்தப் பிரிவை நகல் எடுத்து நீட்டுங்க.

ஆனா ஓட்டை எங்க இருக்கு தெரியுமா? நிலம் 500 சதுர மீட்டருக்குள்ள இருந்தாலோ, வீடு எட்டுக்கு மேல போகலைன்னாலோ ரெரா பதிவே வேண்டாம். சென்னையில இது சின்ன விஷயமா இருக்கலாம். திண்டுக்கல் மாதிரி ஊர்ல எட்டு வீடுன்னா அது ஒரு முழு அபார்ட்மென்ட்! அந்த வரம்பை மாநில அரசு இறக்கிக்கலாம்னு ரெரா சட்டத்துலயே, மூணாம் பிரிவுல, எழுதி வச்சிருக்கு. அதைச் செய்ய என்ன தயக்கம்? யாருக்காகத் தயக்கம்?

அடுத்தது ஜிஎஸ்டி. ஆத்திரம் வர்றது இங்கதான். குடியிருப்போர் சங்கம் தன் உறுப்பினர்கிட்ட ஆளுக்கு மாசம் 7,500 வரை வாங்கினா வரி இல்ல. 2018 ஜனவரியிலதான் 5,000-ஐ 7,500 ஆக்கினாங்க. அப்புறம் 2019-ல ஒரு சுற்றறிக்கை விட்டாங்க: 7,500-ஐ ஒரு ரூபா தாண்டினாலும் முழுத் தொகைக்கும் 18 சதவீதம் கட்டணுமாம். 2021 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏத்துக்கலை, தாண்டின தொகைக்கு மட்டும்தான் வரின்னு தீர்ப்பு சொல்லிருச்சு.

நம்ம ஊர் மெயின்டனன்ஸ் 7,500 பக்கம்கூட வராதே, நமக்கு என்னன்னு கேட்கலாம். விஷயம் இதுதான். அந்த விலக்கு சங்கத்துக்கு மட்டும். பில்டரோ அவர் வச்ச கம்பெனியோ ஜிஎஸ்டி நம்பரோட பில் போட்டா முதல் ரூபாயிலிருந்தே 18 சதவீதம். 2,500-க்கு 450. 24 வீடுன்னா வருஷத்துக்கு 1,29,600 ரூபா. சங்கம் அமைக்காம இழுத்தடிக்கிறதுக்கு நாம கட்டுற அபராதம் அது. பில்லுல ஜிஎஸ்டி நம்பரே இல்லாம 18 சதவீதம் மட்டும் கேட்டா? அது வரியே இல்ல, அதுக்குப் பேர் வேற.

நான் மெக்கானிக்கல் படிச்சவன், மோட்டார் கணக்கு போடத் தெரியும். 5 எச்.பி. மோட்டார் நிஜத்துல இழுக்கிறது சுமார் நாலரை கிலோவாட். தினம் ரெண்டு மணி நேரம் ஓடினா 9 யூனிட், மாசம் 270. யூனிட் 8 ரூபான்னே வச்சுக்கங்க, 2,160. 24 வீட்டுக்குப் பிரிச்சா வீட்டுக்கு 90 ரூபா. உங்க பில்லுல 'மோட்டார் கரண்ட் 300'னு இருந்தா மீதி 210 எங்க போச்சு? பொது மீட்டரோட இணைப்பு எண்ணை வாங்குங்க, மின்வாரிய இணையதளத்துல போட்டா பில் தெரிஞ்சிரும். இன்னொண்ணு, லிஃப்ட் இல்லாத, 10 வீடு வரை, மூணு மாடி வரை இருக்கிற கட்டடங்களுக்குப் பொது மின்சாரத்தை 8 ரூபாயிலிருந்து 5.50-ஆ குறைச்சு 2023 அக்டோபர்ல அறிவிச்சாங்க. அந்தக் குறைப்பு உங்க மெயின்டனன்ஸ்ல இறங்குச்சா?

விக்காத வீடுகளையும் பாருங்க. 24-ல அஞ்சு விக்கலைன்னா அந்த அஞ்சுக்கும் உரிமையாளர் பில்டர்தான், அப்ப பங்கும் அவர்தான் போடணும். 19 வீட்டுத் தலையில 24 வீட்டுச் செலவைக் கட்டுறது என்ன நியாயம்?

ஒரு எச்சரிக்கை. கோபத்துல மொத்தமா கட்டாம நிறுத்திடாதீங்க. முதல்ல அடி வாங்குறது பில்டர் இல்ல, வாட்ச்மேன் அண்ணனும் கூட்டிப் பெருக்குற அக்காவும். நியாயம்னு தெரியுற தொகையைக் கட்டுங்க. மீதிக்கு 'ஆட்சேபணையோட'ன்னு எழுதி, 15 நாள்ல வரவு செலவும் ரசீதும் கேட்டு ஒப்புகையோட ஸ்பீடு போஸ்ட் போடுங்க. வாய்ப்பேச்சு வேண்டாம். தனியா போனா மிரட்டுவாங்க, எட்டுப் பேர் கையெழுத்து போட்டா டோனே மாறும். பதில் வரலைன்னா ரெரா பதிவான கட்டடத்துக்கு ரெரா ஆணையம். பதிவு இல்லாத சின்னக் கட்டடமா? நம்ம மாவட்ட நுகர்வோர் ஆணையமே இருக்கு. கொடுத்த விலை 50 லட்சம் வரைன்னா அங்கேயே விசாரிப்பாங்க, ஆன்லைன்லயும் மனு போடலாம்.

நாம கேட்கிறது ரெண்டுதான். எட்டு வீடு வரம்பை இறக்கி ஒரு அரசாணை போடு. சாவி குடுக்கும்போதே கார்பஸ் பணத்தையும் கணக்கையும் சங்கத்துக்கிட்ட ஒப்படைக்கிறதைக் கட்டாயமாக்கு. அடுக்குமாடி உரிமைச் சட்டத்தை 2022-ல நிறைவேத்தி, 2024-லதான் அமலுக்குக் கொண்டு வந்தாங்க. இதுக்கும் ரெண்டு வருஷம் காத்திருக்க நம்மால முடியாது.

உங்க அபார்ட்மென்ட் பில்லைப் போட்டோ எடுத்து, பேர், வீட்டு எண்ணை மறைச்சு, நம்ம பக்கத்து இன்பாக்ஸுக்கு அனுப்புங்க. கடிதம் எழுதிக் கொடுக்க அணியில ஆள் இருக்கு, காசு வேண்டாம்.

#கணக்கைக்_காட்டு