லூபெக்கை நோக்கி ஒரு நடை

பால்யம் முதலாக நெஞ்சில் வைத்துப் போற்றிய ஒரு சங்கீத வித்துவானை நேரில் காணும் பாக்கியம் வாய்க்கையில், கச்சேரி முடிந்து வியர்வைகூட உலராத அம்மனிதரை வளைத்துக்கொண்டு செல்பி எடுப்பதோடு திருப்தியடைந்துவிடும் இக்கால வழக்கம் எனக்குச் சம்மதமில்லை.

1705-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஜெர்மனியின் ஆர்ன்ஷ்டாட் நகரத்துத் தேவாலயமொன்றில் ஆர்கன் வாசித்துவந்த இருபது வயது யோகான் செபாஸ்டியன் பாக், நான்கு வார விடுப்புப் பெற்று, லூபெக் நகரில் வயோதிகத்தை எட்டியிருந்த மகாவித்துவான் பக்ஸ்டஹூடவின் வாசிப்பைக் கேட்கும் பொருட்டு, ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தூரத்தைக் கால்நடையாகவே கடந்தார் என்பது சரித்திரம். பதின்ம வயதிலேயே அப்பெரியவரின் சாகித்தியம் ஒன்றைப் பாக் தம் கையால் பிரதி செய்து வைத்திருந்தார் என்பதற்கு, வைமார் நூலகத்தில் கிடைத்து 2006-இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்ட ஏடுகள் சாட்சியம். (அந்த வயதில் நாம் என்ன பிரதி செய்துகொண்டிருந்தோம் என்பதைக் கேட்காதிருப்பதே உத்தமம்!)

நான்கு வாரம் ஏறக்குறைய நான்கு மாதமாக நீண்டது. திரும்பி வந்தவரை விசாரித்த தேவாலய அதிகாரிகள், விடுப்பை மீறியதைக் கண்டித்ததோடு, கீர்த்தனைகளுக்கு வாசிக்கையில் அந்நிய ஸ்வரங்களைக் கலந்து சபையாரைக் குழப்புவதாகவும் குற்றஞ்சாட்டினார்கள். அக்குற்றச்சாட்டை நான் லூபெக் யாத்திரைக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரமாகவே வாசிக்கிறேன்.