ஒரே மலை, மூன்று வழி

பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு விடும் நேரமும் பெற்றோருக்கு வேலையிலிருந்து லீவு கிடைக்கும் நேரமும் காங்கேயத்தில் ஒன்றாக வருவதில்லை. சித்திரை வெயில்தான் கொப்பரைக் களங்களுக்கு வேலைக்காலம். களத்தில் கொப்பரை காய்ந்தால்தான் எண்ணெய் மில் ஓடும். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு ஓய்வென்று இருப்பது ஞாயிறு ஒன்றுதான். சனிக்கிழமை சம்பளத்தை நம்பி நடக்கிற வீட்டில், வாரத்தின் நடுவே ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் கூலி போயிற்று. சேர்ந்தாற்போல நாலு நாள் கிடைப்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். தீபாவளி வருவதோ வடகிழக்குப் பருவமழையில்; நீலகிரி மலைரயில் பாதையில் மண் சரிந்து ரயில் நிற்கிற மாதங்கள் அவை. இத்தனைக்கும் நடுவே மூன்று நாள் வாய்த்தால், ஊட்டி, கொடைக்கானல், பழநி, மதுரை என்று எல்லாவற்றையும் பார்த்துவிடத் தோன்றுவது இயல்பு. ஆனால் வீட்டில் நாலு வயது, பத்து வயது, பதினைந்து வயது என்று பிள்ளைகள் இருந்தால் அந்த அவசரமே பயணத்தைக் கெடுக்கும். ஓர் ஊரில் இரண்டு ராத்திரி தங்குங்கள், அந்த ஓர் ஊரை மூவரும் அவரவர் வயதுக்கு ஏற்பப் பார்க்கட்டும் என்பதே நம் கட்சி.

விடியற்காலை மூன்று மணிக்கு வேன் எடுத்து, வெயிலுக்கு முன் மலையேறிவிடுவது நம் பக்கத்து வழக்கம். அதில் யார் என்ன படுகிறார்கள் என்று பாருங்கள். பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போய்விடுகிறது. ராத்திரி பதினொரு மணிக்கும் தூக்கம் வராது, காலையில் எழவும் முடியாது. அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது மருத்துவம். மூன்று மணிக்கு எழுப்பப்பட்ட பையன் நாள் முழுதும் சிடுசிடுப்பதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு பெரியவர்கள் கோபப்படுகிறார்கள். வளைவுப் பாதையில் வரும் குமட்டலுக்கும் வயது உண்டு. இரண்டு வயதுக்குள் அது பெரும்பாலும் வருவதில்லை. மிகுதியாகப் படுத்துவது இரண்டு முதல் பன்னிரண்டு வரை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. வாந்தியெடுத்துத் துவண்ட பத்து வயதுக் குழந்தைக்கு மலை உச்சியில் எந்தக் காட்சியும் காட்சியாக இருக்காது. நாலு வயதுக் குழந்தைக்குப் பகலிலும் கொஞ்சம் தூங்க வேண்டியிருக்கும். ஒரு நாளில் ஐந்து இடம் என்று போடும் திட்டத்தில் அதற்கு இடமே கிடையாது.

இதற்கான விடை நமக்குப் பக்கத்திலேயே, தாராபுரம் தாண்டினால் வந்துவிடும் பழநியில் இருக்கிறது. மலை ஒன்றுதான், ஏறும் வழிகள் பல. திடமுள்ளவர்கள் படியேறலாம், நிதானமாக நடப்பவர்களுக்கு யானைப் பாதை, முடியாதவர்களுக்கு 1966 முதல் வின்ச்சும் 2004 முதல் ரோப்காரும். அப்பாவும் பெரிய பிள்ளையும் படியில் ஏற, அப்பத்தாவும் சின்னவனும் வின்ச்சில் வர, எல்லோரும் மேலே கூடலாம். பயணத்தில் எல்லோரும் எந்நேரமும் ஒன்றாகவே நடக்க வேண்டியதில்லை. வந்து சேரும் இடம் ஒன்றாக இருந்தால் போதும். உடுமலையில் தங்கினால் அமராவதி அணையின் முதலைப் பண்ணையும் அப்படித்தான். சின்னதற்கு வாய் பிளந்து கிடக்கும் முதலையே போதும், நடுப்பிள்ளை எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கும். முட்டை இருக்கும் இடத்தின் சூட்டைப் பொறுத்தே குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமைகிறது என்று சொல்லிப் பாருங்கள், உயிரியல் படிக்கிற பெரிய பிள்ளை நின்று கேட்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏறும் மலைரயிலில் 16 குகைகள். குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்சக்கரப் பாதையைப் பற்றிக்கொண்டுதான் வண்டி ஏறுகிறது. அவ்வளவு நேரம் சின்னதால் உட்கார முடியாதென்றால் குன்னூரிலிருந்து ஊட்டிவரை மட்டும் போகலாம். பல்சக்கரத்தைப் பெரியவன் இழப்பான். அதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குவதுதான் நியாயம்.

பெரியவன் வரவே மாட்டேன் என்கிறானே என்று கேட்பார்கள். எங்கே போகிறோம், எப்போது கிளம்புகிறோம், எதில் போகிறோம் என்று எதையுமே கேட்காமல் வண்டியில் ஏறச் சொன்னால் யார்தான் வருவார்கள்? ஒரு பிற்பகலை முழுதாக அவன் கையில் கொடுத்து, அதற்கான பணத்தையும் கொடுத்து, கணக்கு எழுதச் சொல்லலாம். இதைவிடக் கடினமான தடை பொதுத்தேர்வு. பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த வருடம் எங்கும் போவதில்லை என்பது இந்த வட்டாரத்தில் எழுதாத சட்டம். 2017-18 முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்து, மூன்று வருடமும் வீடு முடங்கியது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கியிருக்கிறது. அக்கா பத்தாவது சேரும்போது ஐந்து வயதாக இருந்த தம்பி, அவள் பன்னிரண்டை முடிக்கும்போது எட்டு வயதை எட்டிவிடுகிறான். அக்காவின் தேர்வுக்காக அந்த வயதுகளைத் தம்பியிடமிருந்து எடுத்துக்கொள்வதற்கு நமக்கு என்ன உரிமை? தேர்வு முடிந்து மே மாதம் முடிவு வருவதற்குள் கிடைக்கும் வாரங்களில் இரண்டு ராத்திரி வெளியே தங்குவதால் யார் மதிப்பெண்ணும் குறையப்போவதில்லை.

செலவழித்து இவ்வளவு தூரம் போய் ஓரிடத்தை மட்டும் பார்த்துத் திரும்புவதா என்பது இன்னொரு கேள்வி. கூலியை விட்டுவிட்டு வருகிறவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாளில் பாதி வண்டிக்குள் கழியும் டூரில் வாடகையும் டீசலும்தான் ஏறுகின்றன. உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் அந்த வரம்பு கிடையாது. அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை டிக்கெட்டும் இல்லை. காங்கேயத்திலிருந்து பேருந்திலேயே பழநிக்கோ உடுமலைக்கோ போய் இரண்டு ராத்திரி தங்கித் திரும்புவது பனியன் கம்பெனிச் சம்பளத்துக்கும் எட்டாததில்லை. அதுவும் முடியாமல் ஒரே ஒரு ஞாயிறுதான் என்றால், திருப்பூரை ஒட்டி நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2024-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம். வலசைப் பறவைகள் அங்கே வருவது குளிர்காலத்தில். பள்ளிக்கு அரையாண்டு லீவு விடுவதும் அப்போதுதான்.