இரண்டாண்டு ஒப்பந்தத்தில் அடங்காத ஆய்வு

ஹைதராபாத் நகரை ஒட்டிய 29 கிராமங்களில் 1987 முதல் 1990 வரை ஓர் ஆய்வு நடைபெற்றது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அப்போது வட்டாரம் வட்டாரமாக விரிவுபடுத்தப்பட்டு வந்தது. திட்டம் வந்து சேர்ந்திருந்த 15 கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவில் கிண்டிய உப்புமா வழங்கப்பட்டது. திட்டம் எட்டாத 14 கிராமங்களுக்கு அது கிடைக்கவில்லை. இரு தரப்பையும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பதிவு செய்தனர்.

அக்குழந்தைகள் 13 முதல் 18 வயதை எட்டியபோது மீண்டும் தேடிச் சென்று பரிசோதித்தார்கள். முடிவுகள் 2008 இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயின. உணவு கிடைத்த கிராமங்களின் பிள்ளைகள் சராசரியாக 14 மில்லிமீட்டர் கூடுதல் உயரம் கொண்டிருந்தனர். பிற்காலத்தில் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் இட்டுச் செல்லும் இன்சுலின் எதிர்ப்பும் ரத்தக்குழாய் விறைப்பும் அவர்களிடம் குறைவாகவே இருந்தன. அங்கன்வாடியில் பரிமாறப்பட்ட உணவின் பயன், பதினைந்து ஆண்டுகள் பொறுத்திருந்து பார்த்தவர்களுக்கே தெரிய வந்தது.

அப்படிப் பொறுத்திருந்து பார்க்கும் நிலையில் இன்றைய இளம் ஆய்வாளர் இருக்கிறாரா என்பதே கேள்வி.

தாய் சேய் நலம் குறித்த நோய்ப்பரவலியல், யார் நோயுறுகிறார்கள், எங்கே, ஏன் என்று மக்கள் கூட்டத்தை முன்வைத்துக் கேட்கும் அறிவியல். இத்துறையில் முனைவர் பட்டம் முடித்தவருக்கு முன்னுள்ள வாய்ப்புகள் பெரும்பாலும் தற்காலிகமானவை. தேசிய மேலாய்வு உதவித்தொகையின் காலம் இரண்டு ஆண்டுகள். ஆராய்ச்சி இணையாளரின் தொடக்க மாத உதவித்தொகை 2019 இல் 47,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. நாடெங்கும் ஆய்வாளர்கள் போராடிய பிறகே 2023 இல் அது 58,000 ஆனது. திட்டம் முடிந்தால் வேலையும் முடிகிறது. கிராமத்தின் நம்பிக்கையைப் பெற்ற ஆய்வாளர் வேறிடம் தேடிச் செல்கிறார். அவர் தொடங்கிய பதிவேடு அப்படியே நின்றுபோகிறது.

நிறுவனங்களின் நிலையும் இதுவே. 1918 இல் குன்னூரில் ஒற்றை அறை ஆய்வகமாகத் தொடங்கி, 1958 இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில், 1972 முதல் தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்புப் பணியகம் இயங்கியது. பல மாநிலங்களின் கிராமப்புறக் குடும்பங்கள் என்ன உண்கின்றன என்பதை அது அளந்து வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலான அத்தொடர் 2015 இல் நிறுத்தப்பட்டது. 29 கிராமங்களின் பிற்காலத் தொடர் ஆய்வுகளுக்கோ லண்டனின் வெல்கம் அறக்கட்டளை நிதி தர வேண்டியிருந்தது.

அளவீட்டின் மீதே அரசுக்குக் கசப்பு இருக்கிறது. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21), ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதத்தினரும் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினரும் ரத்தசோகை உள்ளவர்கள் என்று காட்டியது. முந்தைய ஆய்வைவிட இரண்டும் அதிகம். அந்த ஆய்வை நடத்திய மும்பை நிறுவனத்தின் இயக்குநர் கே.எஸ்.ஜேம்ஸ் 2023 ஜூலையில் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். நியமன முறைகேடு என்று அரசு காரணம் கூறியது. ஆய்வு விவரங்கள் அரசுக்கு உவப்பாக இல்லை என்பதே காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த சுற்றிலிருந்து ரத்தசோகைப் பரிசோதனை நீக்கப்பட்டு, ஹைதராபாத் நிறுவனம் நடத்தும் தனி ஆய்வுக்கு மாற்றப்பட்டது. விரல்நுனி ரத்தத்தைவிட நரம்பிலிருந்து எடுக்கும் ரத்தம் துல்லியமானது என்ற வாதத்தில் அறிவியல் நியாயம் உண்டு. ஆனால் முறையை மாற்றினால் பழைய அளவீட்டுடன் ஒப்பிட வழி வைத்திருக்க வேண்டும். அது இல்லையேல், நிலைமை மேம்பட்டதா, அளவுகோல் மாறியதா என்பதை மக்கள் அறிய முடியாது.

தெலங்கானாவில் 100 பிரசவங்களில் 60.7 அறுவைச் சிகிச்சை மூலம் நடப்பதாக அதே ஆய்வு கூறுகிறது. நாட்டிலேயே இதுதான் அதிகம். தேசிய சராசரி 21.5. அரசு மருத்துவமனைகளில் 44.5 சதவீதம், தனியார் மருத்துவமனைகளில் 81.5 சதவீதம். மறுபுறம், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 43 என்ற அம்மாநிலத்தின் பேறுகால மரண விகிதம் (2018-20), தேசிய அளவான 97 இல் பாதிக்கும் குறைவு. இவற்றில் எத்தனை அறுவைகள் உயிரைக் காத்தன, எத்தனை லாபத்துக்காக நடந்தன? இதைப் பிரித்தறிய ஆண்டுக்கணக்கில் உழைக்கும் ஆய்வாளர்கள் தேவை. கார்ப்பரேட் மருத்துவமனைகள் இக்கேள்விக்கு நிதி தருமா?

ஆயினும் ஒன்றிய அரசு காட்டும் வழி அதுவே. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அதில் 36,000 கோடி தொழில்துறை, அறக்கட்டளைகள் போன்ற அரசுக்கு வெளியிலான மூலங்களிலிருந்து வரவேண்டும். அந்நிய உதவியும் நிலையானதல்ல. 2025 இல் டிரம்ப் நிர்வாகம் யுஎஸ்எய்டு அமைப்பைக் கலைத்தபோது, பல ஏழை நாடுகளில் தாய் சேய் நலத்தை அளந்து வந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டம் ஒரே ஆணையில் நின்றது.

பசித்த நாட்டுக்குச் சோறுதான் தேவை, ஆய்வு எதற்கு என்று கேட்போர் உண்டு. சோறு போடும் திட்டத்தை வெட்ட வருகிறவரிடம், அது பயன் தந்தது என்று காட்டும் சான்று உழைக்கும் மக்களின் ஆயுதம். அந்த 14 மில்லிமீட்டர் அத்தகைய சான்று.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. பொது சுகாதார ஆய்வு நிறுவனங்களில் காலிப் பணியிடங்கள் நிரந்தர அடிப்படையில், இடஒதுக்கீட்டு விதிகளின்படி நிரப்பப்பட வேண்டும். ஊட்டச்சத்துக் கண்காணிப்புப் பணியகம் மீண்டும் நிறுவப்பட வேண்டும். ரத்தசோகை ஆய்வின் மூலத் தரவுகள் முழுமையாக வெளியிடப்பட வேண்டும். வீடு வீடாகச் சென்று பதிவேடுகளை நிரப்பும் ஆஷா, அங்கன்வாடி ஊழியர்கள் அரசு ஊழியர்களாக அங்கீகரிக்கப்பட வேண்டும். எந்த ஆய்வின் அடித்தளமும் அவர்களது உழைப்பே. ஆய்வு மாணவர்களின் போராட்டமும் இந்த ஊழியர்களின் போராட்டமும் தனித்தனியாக நடக்கின்றன. அவற்றை இணைக்கும் பணி இயக்கத்தின் முன் உள்ளது.